முதல் பெஞ்சில் ஒரு சத்தியம்

சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் தங்கள் சிகாகோ அணி தோற்றிருந்தாலும் பிலார்ஸ்கி குடும்பம் தலை நிமிர்ந்துதான் வீடு திரும்பியது.

சென்ற வாரம் நாம் விட்டபோது, செயின்ட் லூயிஸ் அணியின் புதுப் பையன் ஸ்டாக்கர்ட் ஓங்கி அடித்த பந்து வலது பக்கக் கேலரியை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருந்தது. அது நேரே முதல் பெஞ்சுக்கு வந்து, பிலார்ஸ்கி வீட்டுப் பெண் டெஸ்ஸின் வெறும் கைகளுக்குள் விழுந்தது. அடுத்த நொடி கேலரி முழுவதும் எழுந்து நின்று, "எறி! எறி!" என்று கத்தியது.

சிகாகோவின் இந்தக் கேலரியில், எதிரி கேலரிக்குள் பறக்க அடித்த ஹோம் ரன் பந்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வந்த வழியே மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும். வைத்துக்கொள்கிறவர்களை அந்தப் பெஞ்சுகள் மறுபடி சேர்த்துக்கொள்வதில்லை.

டெஸ் எறிந்தாள். டெலிவிஷனில் ஊரே பார்த்தது.

அவளுடைய அத்தை பெர்னிஸ் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். கல்யாணத் தேதி குறித்து, அழைப்பிதழும் கொடுத்த பிறகு, "எனக்கு மனசு மாறிப்போச்சு" என்று பல் டாக்டர் மாப்பிள்ளை கெவின் ஜூன் மாதம் கை கழுவிவிட்டுப் போனதிலிருந்து டெஸ்ஸின் முகத்தில் சிரிப்பையே காணோம். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒரே எறியில் அந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன என்று பெர்னிஸ் நினைத்தாள்.

மூடிக்கொள்ளவில்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

* * *

ஞாயிறு பூசை முடிந்து பெர்னிஸ், டெஸ்ஸின் அப்பாவான தன் தம்பி ரேயின் பாருக்குள் நுழைந்தபோது உள்ளே சந்தைக்கடைச் சத்தம். மைதானத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிற கடை. ஆட்ட நாட்களில் காலையிலேயே முட்டையும் போலந்துத் தொத்திறைச்சியும் காப்பியுமாகக் கூட்டம் சேர்ந்துவிடும். குடும்பம் மாடியில் குடியிருந்தது.

"பந்து வீச ஹோல்கம இன்னிக்கு இறக்குனா நம்ம சோலி முடிஞ்சுது" என்று மேஜையைத் தட்டினார் ஓட்டிஸ். காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். "அந்தப் பையன் கை தொங்கிப் போச்சுய்யா. அஞ்சாவது இன்னிங்ஸ் தாண்டினா பந்து பறந்து வரல, நடந்து வருது."

"நடந்து வந்தாலும் அடிக்க விடாம ஸ்ட்ரைக்காத்தானே சார் வருது?" என்றான் டுவெய்ன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கைபேசியில் புள்ளிவிவரம் பார்க்காமல் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டான். "செப்டம்பர்ல அவன் எறிஞ்சத எடுத்துப் பாருங்க. லீக்லயே மூணாவது இடம்."

"உன் போன்ல தோள்வலி தெரியுமா?"

"உங்க கண்ணுக்குத் தெரியுமா? நேத்து தூரத்து ஸ்கோர் பலகையப் பார்த்துட்டு, நாமதான் ஜெயிக்கிறோம்னு கை தட்டுனீங்க."

கடை சிரித்தது. ஓட்டிஸும் சிரித்தார்.

"சரி, பிட்சர விடு. ப்ரீத்தோவ என்ன பண்றது? அவன உட்கார வைக்கணுமா வேணாமா?" என்றான் டுவெய்ன்.

"உட்கார வைக்கிறதா? செயின்ட் லூயிஸ் பஸ்ல ஏத்தி விடணும். நேத்து அவன் காலுக்கு நடுவுல விட்ட உருட்டுப் பந்த எங்க வீட்டுப் பூனை பிடிச்சிருக்கும்."

"அவன் அடிச்சுக் குடுத்த ரன்னெல்லாம் மறந்து போச்சா? மே மாசம் அவன தோள்ல தூக்கிட்டுப் போகணும்னு சொன்னது யாரு?"

"மே மாசம் நான் குடிச்சிருந்தேன்."

பெர்னிஸ் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சத்தம் தானாகக் குறைந்தது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் கூடத்தையே கண் பார்வையில் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். உட்கார்ந்தால் முதுகு நாற்காலியில் படாது. முதல் பெஞ்சில் அவளுடைய அப்பா உட்கார்ந்தார். அவருக்குப் பின் அவள். கேலரியில் இருக்கைக்கு எண் கிடையாது, முந்தி வருகிறவருக்கே இடம். இருந்தாலும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

"ஹோல்கம்தான் எறியணும்" என்றாள் பெர்னிஸ். "ரெண்டு டீமும் சமமா நிக்குது. சீசன் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. இப்பக் கை வலிக்குதுன்னு உட்கார்றவன் எதுக்கு பிட்சர்னு சட்டை போட்டுக்கணும்? ப்ரீத்தோவும் ஆடணும். தப்புப் பண்ணவன் தப்புப் பண்ண இடத்துலயே நின்னு சரி பண்ணட்டும்."

"தீர்ப்பு வந்துடுச்சு" என்றார் ஓட்டிஸ். "ரே, உங்க அக்காவுக்குக் காப்பி குடு."

டுவெய்ன் மட்டும் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"முதல்ல கேளு. கோவம் வருதான்னு நான் பார்த்துக்கறேன்."

"நேத்து டெஸ் எறிஞ்சத மெதுவா ஓட விட்டுப் பார்த்தேன். பந்து கையில விழுது. குதிக்கிறா. அப்புறம் ஒரு நிமிஷம் குனியறா. நிமிரும்போது எறியறா." அவன் கைபேசியை நீட்டினான். "குனிஞ்சப்ப அந்தக் கை எங்க போச்சு? ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள்ள."

பெர்னிஸ் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

"என்ன சொல்ற நீ?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். எறிஞ்சது அந்தப் பந்துதானான்னு கேக்கறேன்."

ரே கையிலிருந்த காப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

பெர்னிஸின் காதோரம் சிவந்தது. எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள். குரல் உயரவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு பொய்ப் பந்த எறிஞ்சான்னு நிரூபிச்சா, நான் முதல் பெஞ்ச விட்டு எழுந்துடறேன். எழுந்து போய் செயின்ட் லூயிஸ்காரங்க நடுவுல உட்கார்ந்து மீதி ஆட்டத்தப் பார்க்கறேன். இது சத்தியம். பூசையிலிருந்து நேரா வந்து சொல்றேன்."

"ஐயோ, அவ்வளவு தூரம் எதுக்குத் தாயே!" என்று ஓட்டிஸ் பதறினார். "டேய் வாத்தி, போனை உள்ள வைடா!"

டுவெய்ன் உள்ளே வைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. நிரூபிக்கப் போகிறவன் முகம் அப்படி இருக்காதே என்று பெர்னிஸுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்கு மேல் அவள் அதை யோசிக்கவில்லை.

* * *

அரை மணி நேரத்தில் பக்கத்துச் சந்துக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். பெர்னிஸ்தான் திறந்தாள்.

வெளியே வழுக்கைத் தலையுடன் ஒரு மனிதர் நின்றார். சட்டையில் சிவப்புச் சின்னம். செயின்ட் லூயிஸ்.

"மன்னிக்கணும் மேடம். என் பேரு வாஸ். அந்த டீம்ல மட்டை, பந்து, சட்டை எல்லாம் என் பொறுப்பு. முன்பக்கமா வந்தா உங்களுக்குச் சங்கடம்னு இப்படி வந்தேன்."

"எனக்கு என்ன சங்கடம்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நேத்து எங்க பையன் அடிச்சது, பெரிய ஆட்டத்துல அவனோட முதல் ஹோம் ரன். அந்தப் பந்த அவன் அம்மாவுக்குக் குடுக்கணும்னு ஆசைப்பட்டான். கேலரியிலிருந்து வந்த பந்த உங்க டீம் ஆளுங்களே எடுத்துக் குடுத்தாங்க. வாங்கிப் பார்த்தா, இது."

பெர்னிஸுக்கு அவர் மேற்கொண்டு சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆட்டத்தில் இறங்குகிற ஒவ்வொரு பந்திலும் முன்கூட்டியே ஆற்றுச் சேற்றைத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுவார்கள். தோல் பழுப்பேறி மங்கலாக இருக்கும். கையிலிருந்ததோ பல்லைப் போல வெளுத்திருந்தது. ஒரு பக்கம் புல் பச்சை. மறுபக்கம் பாதி அழிந்த நீல முத்திரை: 'பயிற்சி'.

ஆட்டத்துக்கு முன் பழகும்போது கேலரிக்கு வந்து விழுகிற பந்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

பெர்னிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓட்டிஸ் ஏதோ சொல்லிச் சிரிப்பது எங்கோ தொலைவில் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்" என்றார் வாஸ். "எனக்கு அந்தப் பந்து மட்டும் போதும். பதிலுக்கு மட்டை வேணுமா, சட்டை வேணுமா, பையன் கையெழுத்துப் போட்டுத் தருவான். வெளிய ஒரு வார்த்தை வராது."

"இங்கயே நில்லுங்க" என்றாள் பெர்னிஸ்.

* * *

மாடியில் டெஸ் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தையின் கையிலிருந்த பந்தைக் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டாள். சீப்பு அப்படியே நின்றது.

"இல்லன்னு சொல்லு" என்றாள் பெர்னிஸ்.

டெஸ் சீப்பைக் கீழே வைத்தாள்.

"டெஸ், இல்லன்னு சொல்லுடி. கீழ அத்தனை பேர் முன்னாடி நான் சத்தியம்..." அவள் நிறுத்திக்கொண்டாள். "உண்மையான பந்து எங்க?"

டெஸ் தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். பழுப்பேறிய தோல். மட்டை பட்ட இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. பெர்னிஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் முதுகு வளைந்தது.

"ஏன்?"

"எறியத்தான் அத்தை நினைச்சேன். கை வரல." டெஸ் அந்தப் பந்தை அத்தையின் மடியில் வைத்தாள். "சின்ன வயசுலேருந்து அந்த பெஞ்சுல உட்கார்றேன். ஒரு பந்துகூட என் பக்கம் வந்ததில்ல. ஜூன் மாசத்துக்கு அப்புறம் தானா என் கையத் தேடி வந்த ஒரே நல்லது அதுதான். அதையும் தூக்கி எறின்னு அத்தனை பேரும் கத்தறாங்க. நான் எதத்தான் வச்சுக்கறது?"

பெர்னிஸ் அவள் கையைப் பற்றினாள். ஆனாலும் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"இந்தப் பயிற்சிப் பந்து ஏது உனக்கு? பாக்கெட்ல ஏற்கெனவே இருந்துதா?"

டெஸ் தரையைப் பார்த்தாள்.

"அப்பா குடுத்தாரு. ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்தன்னிக்கு ஒண்ணு குடுப்பாரு. எனக்குப் பத்து வயசுலேருந்து."

"ரேயா?"

அவள் கூப்பிட்டதாக நினைத்தோ என்னவோ, படியேறி வந்த ரே வாசலில் நின்றிருந்தான். ஐம்பத்தெட்டு வயதுத் தம்பி, கையில் துடைக்கிற துணியோடு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல நின்றான்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அங்க எல்லாருமே..."

"வாய மூடு. எல்லாரையும் இழுக்காத. நம்ம வீட்டப் பத்திப் பேசு."

"அத்தை, அப்பாவத் திட்டாதீங்க. நான்தான்..."

"நீயும் மூடு."

ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று தடதடத்துக் கடந்தது. பெர்னிஸ் இரண்டு பந்துகளையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாஸ் வாய் திறக்க மாட்டார். டுவெய்னிடம் இருப்பது ஒரு மங்கலான படம். அவள் மட்டும் பேசாமல் இருந்துவிட்டால் முதல் பெஞ்சு அவளுடையதுதான். குடும்பத்தின் பேர் அப்படியே நிற்கும்.

எழுந்தாள். முதுகு நிமிர்ந்தது.

"டெஸ், முகத்தக் கழுவு. இந்தப் பந்த நீயே கொண்டு போற. அந்தப் பையன் கையில நேரா குடுத்து, 'இது உன்னோடது, நான் வச்சுக்கிட்டது தப்பு'ன்னு சொல்ற. நம்ம வீட்ல தப்ப ஆள் விட்டுத் திருப்பிக் குடுக்கறதில்ல."

"அத்தை, ப்ளீஸ். நேர்லயா?"

"நேர்ல."

கீழே சந்தில் வாஸ் காத்திருந்தார். பெர்னிஸ் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் தங்கள் அணி உட்காரும் இடத்துக்குப் பெண்ணைத் தானே அழைத்துப் போவதாகச் சொன்னார்.

"பதிலுக்கு மட்டை..."

"மட்டையும் வேணாம், சட்டையும் வேணாம்" என்றாள் பெர்னிஸ். "எனக்கு ஒரு டிக்கெட் வேணும். உங்க ஊர்க்காரங்க உட்கார்ற இடத்துல. காசு குடுத்துடறேன்."

"உங்களுக்கா? அங்கயா?" வாஸுக்குப் புரியவில்லை. அவள் உடையையும் அதில் குத்தியிருந்த நீலச் சின்னத்தையும் பார்த்தார். "எதுக்கு மேடம்?"

"அது எங்க ஊர் விஷயம்."

* * *

கேலரிக் கதவு திறந்ததும் வழக்கம்போல ஓட்டிஸ் முதல் ஆளாக ஓடி, முதல் பெஞ்சில் பெர்னிஸின் இடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. டுவெய்ன் பக்கத்துப் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ரே அக்காவுக்கு இரண்டு படி பின்னால் வந்தான்.

பெர்னிஸ் உட்காரவில்லை. பெஞ்சுக்கு முன்னால் மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"காலையில ஒரு சத்தியம் பண்ணேன். கேக்காதவங்க பக்கத்துல கேட்டுக்கங்க" என்றாள். "டுவெய்ன் சொன்னது சரி. நேத்து எங்க பொண்ணு எறிஞ்சது அந்தப் பந்து இல்ல. உண்மையான பந்து எங்க வீட்ல இருந்துது. இப்ப அது உடையவன் கைக்குப் போகுது. உங்க எல்லாரையும் ஏமாத்துனதுக்கு பிலார்ஸ்கி குடும்பம் மன்னிப்புக் கேக்குது."

சொல்லி முடித்ததும் கூச்சலை எதிர்பார்த்தாள். வசவை எதிர்பார்த்தாள். யாராவது பீரை வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அது எதுவும் வரவில்லை.

ஓட்டிஸ் மெல்ல எழுந்தார். வயதான மனிதர், கண்ணைச் சந்திக்க முடியாமல் தவித்தார். மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார்.

ஒரு பந்து. வெளுப்பாக, நீல முத்திரையோடு.

பெர்னிஸுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன இது?"

"என்னோடது தாயே" என்றார் ஓட்டிஸ். "எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேன். போன வருஷம் நான் எறிஞ்சேனே, எல்லாரும் என்னத் தூக்கிட்டுக் குதிச்சீங்களே, அது... அதுவும் இதே மாதிரிதான். நிஜப் பந்து வீட்ல டி.வி. பக்கத்துல இருக்கு."

இரண்டாம் பெஞ்சில் ஒரு ஆள் காலுறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, கைப்பையிலிருந்து ஒன்று. அப்புறம் ஒரு தொப்பிக்குள்ளிருந்து. ஒரு சாப்பாட்டு டப்பாவிலிருந்து, பாதி ரொட்டிக்கு அடியிலிருந்து. வெயிலில் எங்கு திரும்பினாலும் வெள்ளை வெள்ளையாகப் பந்துகள் தெரிந்தன.

கடைசியாக டுவெய்ன். அவன் பாக்கெட்டில் இரண்டு இருந்தன.

"நீயுமா?" பெர்னிஸ் இரண்டு பந்துகளையும் பார்த்தாள். "அப்புறம் எதுக்குடா காலையில அந்தக் கேள்வி கேட்ட?"

"மேடம், அவ பந்த மாத்துனது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. கேமராவுல தெரியற மாதிரி மாத்திட்டாளேன்னுதான்... கொஞ்சம் எச்சரிக்கலாம்னு நினைச்சேன். நீங்க பாட்டுக்கு எழுந்து சத்தியம் பண்ணுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இதத்தான் அக்கா நான் சொல்ல வந்தேன்" என்றான் ரே பின்னாலிருந்து. "உனக்கு மட்டும்தான் தெரியாது. உங்கிட்ட சொல்ற தைரியம் யாருக்கும் இல்ல."

பெர்னிஸ் அந்த முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மழையில் ஒன்றாக நனைந்த முகங்கள். தோற்ற வருடங்களில் ஒன்றாக அழுத முகங்கள். இவர்களோடு சேர்ந்து, தொண்டை கிழிய "எறி! எறி!" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறாள்! இத்தனை பேரில் வெறும் கையோடு வந்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்ப சரியாப் போச்சு" என்று ஓட்டிஸ் செய்தித்தாளைத் தட்டிச் சரி செய்தார். "எல்லாரும் ஒரே படகுதான். யாரு யார மன்னிக்கறது? உட்காருங்க தாயே. ஹோல்கம்தான் எறியறான், நீங்க சொன்ன மாதிரியே."

பெர்னிஸ் குனிந்தாள். உட்காரப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பெஞ்சில் கிடந்த, உட்காரப் போட்டுக்கொள்ளும் தன் சிறு மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நீங்கள்லாம் செஞ்சது உங்க பாடு. நான் சொன்னது என் சொல்லு."

"அக்கா!"

"வழி விடு ரே."

* * *

எதிரணி உட்காரும் இடத்துக்கு மேலே, பார்க்கிற இடமெல்லாம் சிவப்பு. சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி. நடுவில் நீலச் சின்னத்தோடு பெர்னிஸ் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் நேரே பார்த்தபடி இருந்தாள். எதிர்ப்புறம், மைதானத்தின் கோடியில், முதல் பெஞ்சு சின்னதாகத் தெரிந்தது. அதில் ஒரு ஆள் உட்கார்கிற அளவு இடம் காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து அதை நிரப்பவில்லை.

அடுத்த இருக்கையில் இருந்த பெண்மணிக்கு அவள் வயதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது.

"தப்பான இடத்துல உட்கார்ந்துட்டீங்களா?" என்று அவள் அன்பாகவே கேட்டாள்.

"இல்ல. சரியான இடம்தான்."

"நான் ராத்திரியெல்லாம் கார் ஓட்டிட்டு வந்தேன்" என்றாள் அவள், கேட்காமலேயே. "நேத்து எங்க பையன் முதல் ஹோம் ரன் அடிச்சான். ஸ்டாக்கர்ட். அவன் அம்மா நான்."

பெர்னிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அதோ! அதோ நிக்கறான் பாருங்க!"

கீழே கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் வாஸ் டெஸ்ஸை அழைத்து வந்து நிறுத்தியிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நெடுநெடுவென்று அந்தப் பையன். டெஸ் பந்தை நீட்டினாள். அத்தை சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறாள் என்பது அவள் தலையைக் குனிந்த விதத்திலேயே தெரிந்தது. பெர்னிஸின் மனம் கொஞ்சம் ஆறியது. சரியாகச் செய்கிறாள். இனி வந்துவிடலாம்.

டெஸ் வரவில்லை.

பையன் ஏதோ சொன்னான். டெஸ் ஏதோ பதில் சொன்னாள். அவன் இன்னொன்று சொன்னான். டெஸ் சிரித்தாள்.

சும்மா உதட்டால் அல்ல. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டு, ஜூன் மாதத்துக்கு முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பெர்னிஸின் கண்ணில் சட்டென்று நீர் கோத்தது. அதைத் துடைப்பதற்குள் அந்தப் பையன் தன் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றி டெஸ்ஸின் தலையில் வைத்துவிட்டான்.

பெர்னிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கழட்டுடி" என்றாள் பல்லுக்கிடையில். "உடனே கழட்டு."

"இது என்ன!" என்றாள் பக்கத்தில் இருந்த தாய். அவள் கை நெஞ்சுக்குப் போயிருந்தது. "அவன் தொப்பிய என்னக்கூடத் தொட விடமாட்டானே. ராசி போயிடும்னு சண்டை போடுவான். யாருங்க அந்தப் பொண்ணு?"

பெர்னிஸின் கண் டெஸ்ஸை விட்டு அகலவில்லை.

கீழே டெஸ் திரும்பினாள். அத்தை எப்போதும் எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியுமே! இன்று இடம் மாறியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்து முடித்துவிட்டேன் என்று சொல்கிற சந்தோஷத்தில், தொலைவில் இருந்த முதல் பெஞ்சைப் பார்த்து, ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள்.

கேலரி முழுவதும் எழுந்து நின்று அவளைப் பார்த்தது.

டெஸ் தொப்பியைக் கழற்றவில்லை.